நானூற்றுப் பன்னிரண்டும் ஒரு செட் மாத்திரையும்

6.7.2009, திங்கள். காலை 5.40. சாரல், பேய்க்காத்து. அண்ணன் எழுந்ததிலிருந்து மூணாவது தடவை கக்கூஸ். ரத்தம் இல்லையாம். நல்லாப் பார்த்தியா என்றால், "இருட்டுல என்னத்தலே பாக்க."

நாலு வருஷமாகப் பெருங்குடல் புண். மதுரை டாக்டர் இந்த முறை மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்க்கச் சொல்லிவிட்டாக. குடல் வெந்திருக்கா, ஆறியிருக்கா, எண்ணாகவே வந்துவிடும். குழாய் விட வேண்டாம். அதுக்கு அண்ணனிடம் ஒரு டப்பா மலம் வாங்க மூணு நாள் கெஞ்சல். தேனி லேபில் எனக்கு வேலை, ஊரார் டப்பா எல்லாம் வாங்குகிறேன். சொந்த அண்ணனுக்கு வெட்கம்.

மதினி மூணு கவர் போட்டுக் கட்டித் தந்தாக. "பஸ்ஸுல யாராச்சும் கேட்டா தேனுன்னு சொல்லுங்க தம்பி." ஐஸ் டப்பாவில் தேன். சரி.

14.7, செவ்வாய். மூட்டம். ரிசல்ட் 412. ஐம்பதுக்குள் இருக்கணும். டாக்டர் போனில்: மறுபடி ஸ்டீராய்டு, இந்த வாரமே. வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறாரா? அண்ணனிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல."

போன தடவை ஸ்டீராய்டில் முகம் பூசணி, சர்க்கரை ஏறி, தோட்டமே மதினி தலையில். இப்போது களைந்த அரிசியையே திரும்பக் களைகிறாக.

15.7, புதன். லீவு. சுருளிப்பட்டி தோட்டம், திராட்சைக் கவாத்து. அண்ணன் சட்டைப் பையில் மடித்த பேப்பர். உள்ளே நாலு மாத்திரை. அட்டை இல்லை, பேர் இல்லை.

"என்னண்ணே இது?"

"இடுப்பு வலிக்கு. மெடிக்கல்ல கலந்து மடிச்சுத் தருவாகள்ல, அதுல ஒரு செட் வாங்குனேன்."

"எப்பருந்து?"

"கவாத்து ஆரம்பிச்சதுலருந்து, ஒரு மாசமா. காலைல, ராத்திரி."

"மாத்திரையே சாப்பிடலன்னியே?"

"ஏலே, இது மருந்தா? செட்டுடா."

மெடிக்கலில் போய்ச் சண்டை. நாலில் ஒண்ணு டைக்ளோபினாக், வலி மாத்திரை. அதுவே குடலைக் கிளறும், ரிசல்ட்டை ஏத்தும். இந்த 412 நோயா, செட்டா? எவனுக்குத் தெரியும்.

டாக்டருக்குப் போன். செட்டை நிறுத்து, மூணு வாரம் கழித்துத் திரும்பப் பார், அதுவரை ஸ்டீராய்டு வேண்டாம், ரத்தம் வந்தால் மட்டும் அன்றைக்கே கூட்டி வா என்றாக. ரத்தம் வந்தால். பார்க்கவே மாட்டேன் என்கிறவனிடம்.

செய்ய வேண்டியது:

1. சட்டைப் பை சோதனை, தினமும். மதினி பொறுப்பு.
2. மெடிக்கல்காரனுக்கு இன்னொரு தடவை, சத்தமாக.
3. மிச்சக் கவாத்து ஞாயிற்றுக்கிழமை நான். வெட்டத் தெரியாது, திட்டுவான். பரவாயில்லை.
4. மூணு வாரத்தில் அடுத்த டப்பா. கெஞ்சல் கிடையாது.
5. கக்கூசுக்கு ஒரு பல்பு, இன்றைக்கே. போய்ப் பார்த்தேன். இருட்டுதான்.