அரிசி டின்னும் ஆறு மாதமும்

ஜூன் 3, 2025
கீழக்கரையில் நல்ல காற்று. ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா முறையில் என்னை லாத்தா என்று கூப்பிடும் வக்கீல் காலிதா போன் செய்தாள். "லாத்தா, மேல்முறையீட்டை எடுத்துக்கிட்டாங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் ஜெயில் இல்ல. யார்கிட்டயும் சிரிச்சுப் பேசிக்கிட்டுத் திரியாதீங்க."
சிரித்தால் ஆறு மாதம் ஏழாகிவிடுமா என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

ஜூன் 9
பின்னாளில் நானே கதையை மாற்றிவிடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன்.
தம்பி தவ்ஃபீக்கின் கார் என் தையல்கடை வாசலில் கீரை விற்கும் பாண்டியம்மாளை இடித்துவிட்டு நிற்காமல் போனது. அவருக்கு இடது கால் முறிந்தது. கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. கேமராவோடு அதன் பதிவுப் பெட்டியையும் கழற்றி வீட்டு அரிசி டின்னுக்குள் புதைத்தேன். போலீஸிடம், "கேமரா சும்மா அழகுக்கு. இடிச்சது ஏதோ வெளியூர் வண்டி" என்றேன். இருபதாம் நாள் ஏட்டம்மா அரிசியைக் கொட்டி எடுத்துவிட்டார். திரும்ப அள்ளிப் போட்டதும் அவர்தான். நல்ல மனுஷி.
தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு வீட்டுக்கு வந்தான். ஒளித்து வைத்த எனக்கு ஆறு மாதம். அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையாம். பள்ளிக்கூடத்தில்கூட நான் முழு மார்க் வாங்கியதில்லை.

ஜூலை 2
காலிதா ஒத்திகை நடத்தினாள். "குத்தம் செய்யலன்னு சொல்லல, தண்டனையைக் குறைங்கன்னுதான் கேக்குறோம். சட்டம் தெரியாது, சுகர் இருக்குன்னு சொல்லுங்க. முகத்தைச் சோகமா வைங்க."
கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது.

ஜூலை 4
சுகர் டெஸ்ட் எடுத்தேன். நார்மல். காலிதாவுக்கு வருத்தம்.

ஜூலை 20
காலிதாவிடம் சொல்லாமல் உத்தரகோசமங்கைக்குப் பஸ் ஏறினேன். பாண்டியம்மாள் அக்கா தன் வீட்டு வாசலில் கீரை கட்டிக்கொண்டிருந்தார்.
"கோர்ட்டுல வந்து பேசச் சொல்லி வந்தீகளா?"
"இல்லக்கா."
"பெறகு?"
பிறகு என்ன? அதுதானே எனக்கும் தெரியவில்லை.
"எந்த வண்டின்னே தெரியாம இருவது நாளு கெடந்தேன். அன்னைக்கு என் தலையைத் தூக்கி நீங்கதான தண்ணி குடுத்தீக. அதே கையாலயா கேமராவக் கழத்துனீக?"
அதே கைதான்.

ஆகஸ்ட் 6
ராமநாதபுரம் கோர்ட்டு. "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதியம்மா கேட்டார். காலிதா கண்ணைக் காட்டினாள் – சோகம், சோகம்.
"தெரிஞ்சேதான் ஒளிச்சேம்மா, தம்பிக்காக. சுகரும் இல்ல."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"அப்புறம் எதுக்கு மேல்முறையீடு?"
"ஆறு மாசம் ரொம்ப அதிகம்மா. ஒண்ணுமே வேணாம்னு கேக்க வாய் வரல."
காலிதா ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 20
ஆறு, ஒன்று ஆகிவிட்டது. ஒரு மாதம்.
"நீங்க வாயை மூடியிருந்தா அபராதத்தோட போயிருக்கும்" என்றாள் காலிதா. கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, ஆறும் அப்படியே நின்னிருக்கும்" என்றாள். எது சரி என்று அவளுக்கே தெரியவில்லை.
"உனக்குப் பதிலா நான் போறேன் லாத்தா" என்று தம்பி அழுதான். மாற்றி உட்கார இது என்ன பஸ் சீட்டா?

செப்டம்பர் 3
நாளை மதுரை ஜெயில். இந்த நோட்டுக்கு ஒரு மாதம் லீவு.

அக்டோபர் 14
கடை திறந்து மூன்றாம் நாள். பாண்டியம்மாள் அக்கா கம்பு ஊன்றாமல் வந்தார். உள்பாவாடை தைக்க வேண்டுமாம். கடையில் வாங்குவது ஒரு பக்கம் தரையில் இழுபடுகிறதாம்.
மண்டியிட்டு அளவெடுத்தேன். வலது பக்கம் முப்பத்தெட்டு. இடது பக்கம் முப்பத்தேழு. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன்.
"சரியாத்தான் இருக்கு, எழுதிக்கங்க" என்றார்.
எழுதிக்கொண்டேன்.