கவுண்ட் இறங்கிய வாரம்

12 நவம்பர் 1991, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. ஸ்லைடு எதுவும் காயமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை கரண்ட் போனது. ஃப்ரிட்ஜில் இருக்கும் சி.ஆர்.பி. டெஸ்ட் மருந்து கெட்டால் லேப் சார் என்னைத்தான் திட்டுவார்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். வலது பக்கம் நிமோனியா. அங்கே லேப் இல்லாததால் முதல் பஸ்ஸில் நானே போய் இரத்தமும் சளியும் எடுத்துக்கொண்டு இராஜபாளையத்தில் எங்கள் லேபுக்குத் திரும்புகிறேன்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். மில்லில் இருபது வருசம் பஞ்சுத்தூசி தின்றவர், டி.பி.தானாம். அக்கா அவர் தம்ளரைத் தனியாக வைக்க மறுத்துச் சண்டை போட்டிருக்கிறாள். நல்ல வேலை செய்தாள்.

சளியில் டி.பி. கிருமி இல்லை. இன்னொரு சாயம் போட்டேன். ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாக. சாதாரண நிமோனியாக் கிருமி, பென்சிலினுக்குக் கேட்கும். வெள்ளையணு கவுண்ட் பத்தொன்பதாயிரம். உடம்பு எதிர்த்து நிற்கிறது. டாக்டருக்குப் போனில் சொன்னேன், அவருக்கும் திருப்தி.

சாயங்காலம் அக்கா: "எம்புட்டு இருக்கணும்டி?"
"பத்தாயிரத்துக்குள்ள."
"அப்ப இறங்கணும்."
"ஆமா."

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பஞ்சு, அக்காவுக்கு ஒரு போர்வை.

13 நவம்பர், புதன்

மழை விட்டது. காலையில் இரத்தம் எடுக்க நரம்பே கிடைக்கவில்லை. கை ஜில்லென்று இருந்தது. "காய்ச்சல் விட்டுருச்சுடி" என்று அக்கா. அவருக்கு மூச்சு மட்டும் வேகமாக.

கவுண்ட் இரண்டாயிரத்துச் சொச்சம்.

அணு எண்ணும் கண்ணாடியைக் கழுவி மறுபடி எண்ணினேன். அதேதான். ஸ்லைடில் தேய்த்த இரத்த ஸ்மியரில் முக்கால்வாசி முதிராத வெள்ளையணுக்கள். பெரியவர்கள் எல்லாம் செத்துப்போய், சின்னப்பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பிய மாதிரி. தொற்றின் வேகத்தைக் காட்டும் சி.ஆர்.பி. டெஸ்டில் எத்தனை தரம் உப்புநீர் கலந்து நீர்க்கவிட்டாலும் திரிதிரியாகத் திரள்கிறது. நேற்று இப்படி இல்லை.

போனில் டாக்டர், "ஸ்மியர் நீங்களே பார்த்தீங்களாம்மா?" என்றார். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "வழியில தாங்க மாட்டாரு. மருந்தை மாத்துறேன். வீட்டுக்காரங்களுக்கு நீங்களே சொல்லிருங்க."

நானே சொல்லணுமாம். எல்லாவற்றுக்கும் நான்.

சாயங்காலம் போனால் அக்கா சிரித்துக்கொண்டு வருகிறாள். டாக்டர் நர்ஸிடம் பேசியதில் கவுண்ட் இறங்கியது என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் கவுண்ட் இறங்கித்தான் வீட்டுக்கு விட்டார்களாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு அது மெதுவாக, அளவோடு இறங்கியது; இவருக்கு ஒரே ராத்திரியில் சண்டை போட அணுவே இல்லாமல் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். நர்ஸ் கூப்பிட, அவள் வெந்நீர் வாங்கப் போய்விட்டாள்.

அத்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தி.

"மீனா, உன் மூஞ்சி சரியில்ல. அவட்ட சொல்லாத."
"சொல்லணும் அத்தான்."
"அவ அழுதா எனக்கு மூச்சு முட்டும். சொல்லாத."

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவர்மேல் கோபமாக வந்தது. சாகப்போகிறவர்மேல் என்ன கோபம். ஆனாலும் வந்தது.

14 நவம்பர், வியாழன்

காலையில் கவுண்ட் இன்னும் கீழே. எண்ணவே அதிகம் இல்லை.

பத்து மணி போல அக்கா லேபுக்கே வந்துவிட்டாள். செட்டியார்பட்டியில் அவள் வீட்டுக்குப் போகிறாள், வழியில் இறங்கியிருக்கிறாள். கையில் பால்கோவாப் பொட்டலம்.

"கவுண்ட் இறங்கிருச்சுல்ல, எல்லாருக்கும் குடு. வீடு நாலு நாளாக் கூட்டாமக் கெடக்கு. கழுவிட்டு, தலைக்கு ஊத்திட்டு சாயந்தரம் வாரேன். அவிய வந்து படுக்கணும்ல. அவியதான் போயிட்டு வான்னு சொன்னாவ."

"செத்த நேரம் உக்காருக்கா," என்றேன். உட்கார்ந்தாள். அவளைத் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் போய் அவர் முன்னால் அழுவாள். சாயங்காலம் வரை தாங்கிவிடுவார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"என்னடி?"
"ஒண்ணுமில்ல. பாத்துப் போ."

ஒரு துண்டு பால்கோவா தின்றேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால்.

பன்னிரண்டரைக்குப் போன். அத்தான் போய்விட்டார். பக்கத்தில் நர்ஸ் மட்டும்.

செட்டியார்பட்டிக்கு நான்தான் போனேன். வாசல் ஈரமாக இருந்தது. கட்டிலை வெளியே இழுத்து வெயிலில் போட்டிருந்தாள். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும், "நீ ஏன்டி வந்த, நானே சாயந்தரம் வாரேன்னேன்ல," என்றாள்.

அதற்குமேல் எழுத முடியவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

வெயில். லேப் லீவு. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன்.

பத்து நாளாக அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களிடம் எல்லாம், "கவுண்ட் எறங்குச்சு, நல்லாத்தான் இருந்தாவ," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று டாக்டரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போய்வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அத்தான் சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அத்தான்தான் சொல்லாதே என்றார் என்று சொல்லியிருக்கலாம். அவர்மேல் பழியைப் போட வாய் வரவில்லை.

"புதன்கெழம."

ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"வியாழக்கெழம நான் வீடு கழுவிட்டு இருந்தேன்," என்றாள்.