சோபனாவின்ர பாட்டுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமா இருக்கிறீங்களோ? அப்பாவின்ர முழங்கால் நோ எப்பிடி? நான் ஓர்ஸ் ஹில் அறையில நல்லா இருக்கிறன், சாப்பிடுறன், யோசிக்காதேங்கோ.

சோபனா ஆசைப்பட்டு வாங்கின பெரிய ஸ்பீக்கருக்கு, இன்டர்நெட்டில இருந்து பாட்டு எடுக்கிற பெட்டி ஒண்டு பூட்டினனான். அவள் செத்து ஒரு வருசமாகி ஆட்டைத்திவசம் முடியமுதல் பாட்டுப் போடாதேயெண்டு திரும்பவும் சொல்லாதேங்கோ, விசர் வருது. செத்தது என்ர மனுசி.

துறைமுகத்தில என்னோட வேலை செய்யிற பாயிஸ் உதவிக்கு வந்தவன். "மச்சான், இந்தப் பழைய பாட்டு எக்கவுண்டை விடு, சத்தம் துப்புரவில்லை. நல்லது ஒண்டு புதுசாத் திறப்பம்" எண்டான். சத்தத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறான்! அது சோபனாவின்ர எக்கவுண்ட். அவள் அடுக்கின பாட்டெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. கத்திப்போட்டன். தேத்தண்ணியும் குடிக்காம எழும்பிப் போட்டான். பெரிசா ஒண்டுமில்லை.

பாஸ்வேர்ட் அவளுக்குத்தான் தெரியும். செத்தவீட்டண்டு நீங்கள் அலுமாரியில எடுத்துவைச்ச அவளின்ர போனில மட்டும்தான் அது இன்னும் திறந்து கிடக்கு. போனில இருக்கிறதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் தானே அதைப் பாவிக்கப்போறதாத் தங்கச்சி சொன்னவள். தொட்டாளெண்டா அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்.

போனைச் சார்ஜ் போட்டு, கடிதம் கண்டவுடன பஸ்ஸில குடுத்துவிடுங்கோ. அவளின்ர சீலை ஒண்டில சுத்துங்கோ. வேற துணி வேண்டாம்.

வேலைக்கு நேரம் போச்சு.

தனஞ்சயன்