ஒரே டேபிள், ஏழு பேர்

17 செப்டம்பர் 2000, ஞாயிறு

ஆராதனை முடிந்து, வழக்கம்போல தனசிங்கின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஸ்டெபியிடம் பேசினேன். நாலு வருஷமாக என் மகளின் குரல் எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் கிடைக்கிறது. வீட்டில் அவள் பேரை எடுத்தால் நெல்சன் எழுந்து வெளியே போய்விடுவார். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றவளிடம், "எனக்கு மகள் இல்லை" என்றவர். அன்றோடு சரி.

இன்று பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். ஆதித்யாவுக்கு மூன்று வயது. "அம்மிச்சி, அப்பிச்சி எங்க?" கோயமுத்தூர்ப் பக்கம் அம்மாவைப் பெற்ற அப்பாவை அப்பிச்சி என்பார்கள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். பொய். டீ ஃபேக்டரி நின்று இரண்டு மாதம் ஆகிறது. ஆராதனை முடிந்த கையோடு பொய்!

19 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ.

பச்சை இலைக்கு விலை இல்லை, பறிப்பாரும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் டீ மேக்கராக இருந்த மனுஷர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய் ஒரே மூச்சில் கொட்டினேன். காலாண்டு லீவு ஆரம்பிக்கிற சனிக்கிழமை. கோயமுத்தூருக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் புதிதாக வந்திருக்கும் தண்ணீர் பார்க். ஸ்டெபி, மாப்பிள்ளை கீர்த்திவாசன், குழந்தை, அவள் மாமனார் மாமியார், நாங்கள் இரண்டு பேர்.

"அவங்க நம்ம வீட்டுக்கு வர வேண்டாம், நாம அவங்க வீட்டுக்குப் போக வேண்டாம். டிக்கெட் வாங்கினா யார் வேணாலும் போற இடம்ங்க. புள்ள அப்பிச்சி எங்கன்னு கேக்கறான்."

"அப்பிச்சியாம்" என்று முணுமுணுத்தார். பிறகு, "அங்க சாப்பாட்டுக்கு என்ன? கோழி பிரியாணி உண்டா?"

விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவா? எதுவாக இருந்தால் என்ன, வருகிறார்! உண்டு உண்டு என்று தலையாட்டிவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதேன்.

21 செப்டம்பர், வியாழன்

பார்க் ரெஸ்டாரண்டுக்குப் போன் போட்டேன். பிலோமி என்று ஒரு பெண் எடுத்தாள். சனிக்கிழமை கூட்டம் அம்முமாம், முன்னாடியே டேபிள் சொல்லி வைக்க வேண்டுமாம்.

"எத்தனை பேருங்க?" ஏழு. "ஒரே டேபிளா, ரெண்டாப் போடட்டுங்களா?" என்னமோ அவளுக்கு எங்கள் குடும்பக் கதை தெரிந்த மாதிரி கேட்டாள். ரெண்டு என்றால் சண்டை வராது. சேரவும் சேராது. ஒரே டேபிள் என்றேன்.

"யார் பேர்லங்க?" இது இன்னும் பெரிய வம்பு. நெல்சன் பேரில் என்றால் சம்பந்தி வீட்டார் விருந்தாளிகள். அவர்கள் பேரில் என்றால் இவர் வாசலோடு திரும்பிவிடுவார். மெட்டில்டா டீச்சர் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். யாருக்கும் வலிக்காத பேர். ஏழு கோழி பிரியாணி.

24 செப்டம்பர், ஞாயிறு

ஸ்டெபியின் மாமனார் ஆறுமுகசாமி மளிகைக் கடைக்காரர். "ஃபேக்டரி எப்படிங்க ஓடுது?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டால்? இவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிடுவார். இதை நினைத்து இன்றைய பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

26 செப்டம்பர், செவ்வாய்

ஐயோ.

விடைத்தாள் திருத்திக்கொண்டே பாலாமணி டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "என்னங்க டீச்சர், புரட்டாசிச் சனிக்கிழமையிலயா கோழி?"

இருபது வருஷமாக அவளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இந்த மாதத்தில் அவள் டப்பாவில் என்ன இருக்காது என்று ஒரு நாளாவது கவனித்திருக்கிறேனா? சனிக்கிழமை விரதம் இருக்கிறவர்கள் முன்னால் ஏழு தட்டு கோழியை வைத்து, வாங்க சம்பந்தி என்று சொல்லியிருப்பேன்! வேண்டுமென்றே செய்தோம் என்றுதானே நினைப்பார்கள்? ஸ்டெபி மறுபடி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

பூத்துக்கு ஓடினேன். மழையில் லைன் செத்துக் கிடக்கிறது.

27 செப்டம்பர், புதன்

லைன் வந்தது. ஏழும் சைவச் சாப்பாடு என்று மாற்றிவிட்டேன். நமக்கு மட்டும் இரண்டு பிரியாணி இருக்கட்டுமே என்று வாய் வரை வந்தது. ஒரே டேபிளில் அந்த வாசனையோடா? வேண்டாம்.

நெல்சனிடம் சொல்லவில்லை. பிரியாணி என்று கூட்டிக்கொண்டு போய் சாம்பார் ஊற்றப் போகிறேன். "அவங்க விரதத்துக்கு நான் எதுக்குடி பட்டினி?" என்று இப்போதே காதில் கேட்கிறது.

28 செப்டம்பர், வியாழன்

குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வந்தார். எங்கே என்றால் "சும்மா". முகமே சரியில்லை. வரமாட்டேன் என்று சொல்லப் போகிறாரோ?

29 செப்டம்பர், வெள்ளி

எதற்கும் ஒரு தடவை கேட்டுக்கொள்வோம் என்று போன் போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். "மெட்டில்டா டீச்சர் பேர்ல டேபிள் எதுவும் இல்லீங்களே. நாளைக்கு எல்லா டேபிளும் போயிருச்சுங்க—"

லைன் போய்விட்டது.

ஐந்து தடவை முயன்றேன். "நம்ம நடுவட்டத்துல மழைக்கு லைன் போனா போனதுதான்க்கா" என்றார் தனசிங். நாளைக்குப் பசித்த குழந்தையையும், பேசாத இரண்டு வீட்டாரையும் வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன்? ஆண்டவரே, ஒரு மேஜை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

விடியற்காலை ஏழு பேருக்குப் புளிசாதம் கிளறப் போகிறேன். புளி ஊறப் போட்டாயிற்று.

30 செப்டம்பர், சனி

வீடு வந்து சேர்ந்தோம். கால் வலி. இருந்தாலும் எழுத வேண்டும்.

முதல் பஸ். ஊட்டி, குன்னூர் தாண்டி இறங்கும் வரை புளிசாதத் தூக்கை மடியிலேயே வைத்திருந்தேன். "அதுல என்ன?" என்று கேட்டார். "சும்மா" என்றேன்.

பார்க் வாசலில் ஸ்டெபி நின்றாள். இவர் அவளைப் பார்க்காமல், அவள் கையைப் பிடித்திருந்த குழந்தையைப் பார்த்தார். ஆறுமுகசாமி கும்பிட்டு, "வாங்க சம்பந்தி, பஸ்ஸு கூட்டமுங்களா?" என்றார். இவரும் கும்பிட்டார். அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு ஆதித்யா தண்ணீரில் ஆட, ஆறு பெரியவர்கள் கரையில் நின்றோம்.

ஒரு மணிக்கு ரெஸ்டாரண்ட். நான் முந்திக்கொண்டு ஓடிப் பேரைச் சொன்னேன். "மெட்டில்டா டீச்சர்ங்களா?" குரலே சொன்னது, பிலோமியேதான். "உங்க சார் பேரை மாத்திட்டாருங்களே. அதோ அந்த டேபிள்." போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஜக்கில் சாய்த்து ஒரு சீட்டு: ஆதித்யாவோட அப்பிச்சி, 7 பேர், சைவம்.

படித்தேன். திரும்பவும் படித்தேன். பின்னால் நெல்சன் வந்து நின்றார். "புரட்டாசி சனியாச்சே. என்கூட ஃபேக்டரியில பாதிப் பேர் விரதம் இருந்தவங்க, எனக்குத் தெரியாதா? நீ பிரியாணி சொல்லியிருப்பேன்னு, மாத்தச் சொல்ல அன்னிக்குப் பூத்துக்குப் போனேன். மாத்தியாச்சுன்னாங்க. யாருங்க பேசறதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு." சீட்டை நேராக நிறுத்தி வைத்தார். "சொன்னேன்."

ஸ்டெபியும் சீட்டைப் படித்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. மெலிஞ்சு போயிட்ட."

நான் பயந்த கேள்வியும் வந்தது. ஃபேக்டரி எப்படிங்க என்றார் ஆறுமுகசாமி. "நின்னு போச்சுங்க சம்பந்தி." சாம்பாரைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னார். "எல்லாப் பக்கமும் அப்படித்தானுங்க. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க" என்றார் அவர். ஒரு வாரமாக நான் செத்துப் பிழைத்தது இதற்குத்தானா!

நாலு மணிக்குத் தூக்கைப் பார்த்துவிட்டு மாமியார் பாப்பம்மாள், "ஏனுங்க, ஊட்டுச் சோறா?" என்றார். எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்காதவர், புல்லில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தூக்கைக் கழுவிக் கொடுத்தார்.

1 அக்டோபர், ஞாயிறு

அந்தச் சீட்டை இங்கே ஒட்டி வைக்கலாம் என்று பையெல்லாம் தேடினேன். காணோம்.

ஆராதனையில் இவர் பைபிளைத் திறந்தபோது பார்த்தேன். அதற்குள் வைத்திருக்கிறார். போன் பண்ண பூத்துக்குக் கிளம்பினேன், "இரு, நானும் வரேன்" என்றார்.