எல்சியின் பூட்ஸ்

லங்காஷயர்
ஜனவரி 1922

அன்பு மகள் மார்த்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் இருமலும் சளியுமாக ஏதோ இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். குழந்தை நெஞ்சில் வாத்துக்கொழுப்பு தடவு, சோம்பல்படாதே.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால்பந்து மேட்சில் தங்கை எல்சி எத்தனை கோல் தடுத்தாள் என்று கேட்டிருந்தாய். மேட்ச் நடக்கவில்லையடி. கண் போன சிப்பாய்களுக்கு நிதி என்று ஊரே டிக்கெட் வாங்கி வைத்திருந்தது, அதற்குள் லண்டனில் இருக்கிற கால்பந்துச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் இந்த ஆட்டம் பெண்களுக்கு லாயக்கில்லை, எந்தக் கிளப்பும் அவர்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பெண்கள் உடம்பு தாங்காது என்று ஒரு டாக்டர் வேறு பேப்பரில் எழுதியிருக்கிறார். யுத்தத்தில் நீயும் அவளும் தொழிற்சாலையில் ராப்பகலாக பீரங்கிக் குண்டு தூக்கினீர்களே, அப்போது அந்த மகராசன் எங்கே போயிருந்தார்?

உன் அப்பா பாடுதான் பெரும்பாடு. மைதானத்தில் கோடு போடுவதும் அவர், சாவி வைத்திருப்பதும் அவர். கிளப் செக்ரட்டரி கிரிம்ஷா வீட்டுக்கே வந்து, "உன் பொண்ணு உள்ள வந்தா நீ வெளிய போயிடணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேட்ச் அன்று காலை பெண்கள் எல்லோரும் பூட்ஸோடு கேட்டில் வந்து நின்றார்கள். அப்பாவோ பழக்க தோஷத்தில் முந்தின நாளே சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். கேப்டன் பெர்த்தா கம்பி வழியாகப் பார்த்துவிட்டு, "கோடு போட்டிருக்கீங்களே மாமா, யாருக்காம்?" என்று கேட்டாளாம். அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாராம். எல்சிதான், "விடுடி, எங்கப்பாவுக்கு வேலை போயிடும், வா போலாம்" என்று எல்லோரையும் திருப்பிக் கூட்டிப்போனாள். அதிலிருந்து அவர் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பிறகு ஒரு மாட்டு வயலில் ஆடிப் பார்த்தார்கள், முழங்கால் சேறு, விசில் ஊதவும் ஆளில்லை, ஊதினால் அவனுக்கும் தடை. பார்க்க வந்தது நாங்கள் நாலைந்து அம்மாக்கள்தான். பெர்த்தாவைக் கட்டப்போகிறவன் ஆடினது போதும் என்று சொல்லிவிட்டான், அதோடு டீமும் கலைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது மார்த்தா.

போன வாரம் எல்சி செருப்பு தைக்கிற சாமின் கடைக்குப் போய், சேற்றில் வழுக்காமல் இருக்க பூட்ஸ் அடியில் அறைந்திருந்த தோல் கட்டைகளை எல்லாம் பிடுங்கச் சொல்லிவிட்டாள். நல்ல தோலை வீணாக்குவானேன் என்று இப்போது அந்த பூட்ஸைத்தான் மில்லுக்குப் போட்டுப்போகிறாள். காலையில் நம் தெருவே மில்லுக்குப் போகிறவர்களின் மரக்கட்டைச் செருப்புச் சத்தத்தில் அதிரும், உனக்குத் தெரியாததா. முன்பெல்லாம் அவளும் கட்டைச்செருப்புதான், அந்தச் சத்தத்தில் அவள் நடையை நான் தனியாகக் கண்டுபிடிப்பேன். இப்போது அவள் போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை.

கர்த்தர் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தங்கள். மறந்துவிடாதே, தங்கைக்குப் பந்து பிடிக்கத் தோல் கையுறை வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாயே, அதை அனுப்பாதே.

உன் அம்மா,
சாரா