வெளிவராத டிசம்பர் இதழ்

டபியூக், அயோவா
மார்ச் 3, 1997

மதிப்பிற்குரிய திரு. பிங்காம் அவர்களுக்கு,

உங்கள் இரங்கல் கடிதமும் மலர்களும் வந்து சேர்ந்தன. நன்றி. மலர்கள் நன்றாக இருந்தன. கடிதத்தின் இரண்டாவது பத்திதான் நன்றாக இல்லை. என் கணவரை அடக்கம் செய்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள், "லியாண்டரின் 'கருவாசல்' இதழ்களை விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் எனக்குத் தெரிவிக்கவும்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

எனக்கு அந்த இதழ்கள் மேல் ஆசை எதுவும் இல்லை. நாற்பத்து நான்கு வருடம் அவற்றோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அட்டைக்கு அட்டை ஒரு பெண் போதிய துணி இல்லாமல் பாம்போடு போராடுகிறாள். வாளோடு ஒருவன் எப்போதும் தாமதமாக வருகிறான். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். விருந்தினர் வந்தால் அந்த அலமாரியைத் துணி போட்டு மூடுவேன்.

ஆனால் உங்களுக்கு விற்க மாட்டேன். காரணம் உங்களுக்கே தெரியும். 1974-இல் நீங்கள் வெளியிட்ட பழைய கதை இதழ்களின் பட்டியலில், கருவாசல் பகுதியின் கடைசி வரி இது: "1934 டிசம்பர்: வெளிவரவில்லை. டபியூக்கைச் சேர்ந்த ஒரு மருந்துக்கடைக்காரரின் சிறுவயதுக் காய்ச்சலில் மட்டும் இதன் பிரதி ஒன்று உண்டு."

அதற்குப் பிறகு சேகரிப்பாளர்களின் ஆண்டுச் சந்திப்பில் என் கணவரைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன லியாண்டர், காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். இரண்டு வருடம் சிரித்துச் சமாளித்தார். மூன்றாம் வருடம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. ஒன்பது வயதில், தொண்டை வீங்கிப் படுத்திருந்தபோது, அவருடைய மாமா முடிவெட்டும் கடையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கத்தில் 1934 டிசம்பர் என்று இருந்தது. அதைப் படித்தேன் என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். என் கணவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த வரியை நீக்குங்கள். பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
க்ளோடில்டா ராடமாக்கர்


பியோரியா, இல்லினாய்
மார்ச் 11, 1997

மதிப்பிற்குரிய திருமதி ராடமாக்கர் அவர்களுக்கு,

உங்கள் கண்டிப்பு நியாயமானது. அந்தப் பத்தியை எழுதியிருக்கக் கூடாது. மன்னியுங்கள். லியாண்டரும் நானும் ஒரு காலத்தில் ஒரே காரில் சந்திப்புகளுக்குப் போய் வந்தவர்கள். வழி முழுக்கச் சண்டை போடுவோம். அந்தச் சண்டை இல்லாத இருபது வருடம் எனக்கும் நன்றாக இருந்ததில்லை.

ஆனால் வரியை நீக்க முடியாது. கேலியை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். "வெளிவரவில்லை" என்பது நிற்கும். கருவாசல் 1931 பிப்ரவரி முதல் 1934 அக்டோபர் வரை, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக, இருபத்து மூன்று இதழ்கள். பிறகு கம்பெனி மூழ்கிவிட்டது. இருபத்து நான்காவதை உலகத்தில் யாரும் கையில் பிடித்ததில்லை. நான் வேதியியல் ஆசிரியனாக இருந்தவன். மேசைமேல் வைத்துக் காட்டாததை என்னால் ஏற்க முடியாது.

பட்டியலின் கடைசிப் பதிப்பு ஆகஸ்டில் அச்சுக்குப் போகிறது. எனக்கு எழுபத்தாறு வயது. இதற்குப் பிறகு திருத்தம் என்று ஒன்று இருக்காது. உங்களிடம் சான்று இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.

மரியாதையுடன்,
எல்வுட் பிங்காம்


டபியூக்
மே 2, 1997

மதிப்பிற்குரிய திரு. பிங்காம் அவர்களுக்கு,

சான்று கேட்டீர்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே அலமாரித் துணியை எடுத்துவிட்டு, முதல் இதழிலிருந்து படிக்கத் தொடங்கினேன். எங்கள் பள்ளியில் சிஸ்டர் வால்பர்கா ஒரு சட்டம் வைத்திருந்தார்: கடைசிப் பக்கம் வரை படிக்காத புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நாற்பத்து நான்கு வருடம் அந்தச் சட்டத்தை மீறியிருக்கிறேன். கதைகளில் பாதி குப்பை. மீதிப் பாதியில், நான் ஒப்புக்கொள்ள விரும்பாத அளவுக்கு நல்ல கதைகள் இருக்கின்றன.

அலமாரி முடிந்ததும் நிலவறைப் பெட்டிகளுக்கு இறங்கினேன். போன இலையுதிர் காலத்தில், ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் லியாண்டர் மொத்தமாக எடுத்த பெட்டிகள். பிரித்துப் பார்ப்பதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. நாத்தனார் ராஸ்விதா மூக்கைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றாள்.

"அண்ணி, ஒரே எலிப் புழுக்க. அப்படியே குப்பை வண்டில ஏத்திடுங்க."

"உங்க அண்ணன் வாங்கினது. படிச்சிட்டு ஏத்தறேன்."

"படிக்கவா? நீங்களா? அண்ணன் இருந்தப்ப இதுல ஒண்ண இடுக்கியால எடுத்தீங்களே!"

மூன்றாவது பெட்டியின் அடியில், பாதி எலி தின்ற ஒரு தடித்த புத்தகம் இருந்தது. "கருவாசல் காலாண்டு மலர், 1935. மூன்று முழு இதழ்கள் ஒரே அட்டையில்." இது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்காத இதழ்களின் அட்டையைக் கிழித்துவிட்டு, மூன்று மூன்றாகச் சேர்த்துப் புது அட்டை போட்டு விற்றது. உங்கள் பட்டியல் இதை "1934 ஜூன், ஆகஸ்ட், அக்டோபர்" என்கிறது.

திரு. பிங்காம், அது தவறு. முதல் பகுதி ஜூன், சரி. இரண்டாவது ஆகஸ்ட் இல்லை, அக்டோபர். மூன்றாவது பகுதியின் முதல் தாளை எலி தின்றுவிட்டது. மிச்சப் பக்கங்கள் லியாண்டரிடம் உள்ள எந்த இதழிலும் இல்லை. உங்கள் பட்டியலிலும் இல்லை. பென்சிலோடு படித்துக்கொண்டு போனேன். ஒன்பது விளக்குகள் எரியும் நகரத்தைப் பற்றிய ஒரு கதை. கடைசி வரி: "ஒன்பதாவது விளக்கை அரசியே ஊதி அணைத்தாள், காப்பாற்ற வந்தவன் இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்."

புயலில் மின்சாரம் போகும்போதெல்லாம் லியாண்டர் இந்த வரியைச் சொல்லிக்கொண்டுதான் என் கையைப் பிடிப்பார். நான் அவருடைய சொந்த வரி என்று நினைத்திருந்தேன். நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ராஸ்விதா, "என்ன ஆச்சு அண்ணி? எலியா?" என்று கத்தினாள்.

டிசம்பர் இதழின் உள்பக்கங்கள் அச்சாகி முடிந்திருக்கின்றன. அட்டை போடுவதற்குள் கம்பெனி மூழ்கியிருக்கிறது. கிடந்த தாள்களை அச்சகத்தார் வீணாக்காமல் மலரில் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். முடிவெட்டும் கடையில் அந்த மலரின் ஒரு பிரதி மூன்றாக உடைந்து, கடைசித் துண்டு ஒரு காய்ச்சல்காரப் பையன் கைக்குப் போயிருக்கிறது.

நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீக்குங்கள்.

க்ளோடில்டா ராடமாக்கர்


பியோரியா
மே 9, 1997

மதிப்பிற்குரிய திருமதி ராடமாக்கர் அவர்களுக்கு,

நகலை நான்கு முறை படித்தேன். மலைத்துப்போனேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மாதமும் ஆண்டும் இருக்கவேண்டிய தாள் இல்லையே. வேறு ஏதோ பத்திரிகையின் தாள்களை அச்சகத்தில் தவறுதலாகச் சேர்த்துத் தைத்திருக்கலாம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் ஒரு கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

காலாண்டு மலரின் நான்கு பிரதிகள் தெரியவந்திருக்கின்றன. முதல் தரப் பிரதி என்னிடம் இருக்கிறது. 1966-இல் வாங்கினேன். புத்தக முதுகு உடையாமல் முழுசாக இருக்கும் ஒரே பிரதி அதுதான். கண்ணாடித்தாள் உறைக்குள், அட்டைப் பலகையோடு இருக்கிறது. அதைப் பார்க்கவே ஆட்கள் கனடாவிலிருந்து வருகிறார்கள். அறுபது வருடத்து மரக்கூழ்த் தாள் எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மூன்றாம் பகுதி வரை விரித்தால் முதுகு உடைந்துவிடும். உடைந்தால் ஒட்டாது.

வேறு மூவருக்கும் எழுதிக் கேட்கிறேன். சற்றுப் பொறுங்கள்.

எல்வுட் பிங்காம்


டபியூக்
மே 14, 1997

திரு. பிங்காம்,

வேறு மூவரும் உங்களைப் போன்றவர்கள்தான். அவர்களும் உறையைப் பிரிக்க மாட்டார்கள்.

ஒரே கேள்வி. முப்பத்தோரு வருடமாக உங்களிடம் இருக்கும் அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்திருக்கிறீர்களா?

ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும்.

க்ளோடில்டா ராடமாக்கர்


பியோரியா
மே 22, 1997

அன்புள்ள திருமதி ராடமாக்கர் அவர்களுக்கு,

இல்லை.

அந்த ஒரு சொல்லை எழுத எட்டு நாள் ஆனது. உங்கள் கடிதத்தை என் மனைவி ஓப்பல் எனக்கு முன்பே பிரித்துப் படித்துவிட்டாள். காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இத வாங்கின அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'வேலையிலேர்ந்து ஓய்வு கெடச்சதும் நிதானமா உக்காந்து படிப்பேன்'னீங்க. ஓய்வு கெடச்சு பதினோரு வருஷம் ஆச்சு."

"முதுகு உடைஞ்சிடும், ஓப்பல்."

"யாரு முதுகு? அதுதா, உங்களுதா?"

"உனக்கு இதோட அருமை தெரியாது."

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்! உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஆளு அருமையப் பத்திப் பேசறாரு. அந்த அம்மா எலி தின்னத வச்சிக்கிட்டு இவ்வளவு கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க முழுசா வச்சிக்கிட்டு என்னத்தக் கண்டீங்க?"

கையைக் கழுவினேன். உறையைப் பிரித்தேன். ஓப்பல் கேக்கில் க்ரீம் தடவும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டைக் கத்தியைத் தாள்களுக்கு நடுவில் விட்டு, மெல்ல மெல்ல விரித்தேன். பாதி வழியில் காய்ந்த ரொட்டியைக் கடித்தாற்போல ஒரு சத்தம். முப்பத்தோரு வருடப் பெருமை அத்தோடு போயிற்று.

மூன்றாம் பகுதியின் முதல் தாள் முழுசாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில்: "கருவாசல் கதைகள். தொகுதி 4, இதழ் 6. டிசம்பர் 1934."

பட்டியல் எழுதியபோது நான் மலரின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஜூன் என்று இருந்தது. மிச்சம் ஆகஸ்ட், அக்டோபர் என்று நானாகவே எழுதிக்கொண்டேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே என்று எத்தனையோ பிள்ளைகளின் ஆய்வக நோட்டில் சிவப்பு மையால் எழுதியவன் நான். லியாண்டர் பார்த்ததைச் சொன்னார். நான் பார்க்காமல் அவரைக் கேலி செய்தேன்.

பிறகு நாங்கள் இருவரும் அந்தக் கதையை உட்கார்ந்து படித்தோம். கடைசி வரியை ஓப்பல் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, "இத மறக்காத பையன் பொய் சொல்லியிருப்பானா?" என்றாள்.

பழைய வரி போய்விட்டது. ஜூலைச் சந்திப்பில் என் தவறையும் புது வரியையும் நானே மேடையில் படிக்க நினைக்கிறேன். கொலம்பஸில், லியாண்டரைக் கேலி செய்த அதே விடுதி, அதே கூடம். நீங்கள் வர வேண்டும். வராவிட்டாலும் படிப்பேன்.

எல்வுட் பிங்காம்


டபியூக்
ஜூலை 28, 1997

அன்புள்ள எல்வுட்,

நேற்று வீடு சேர்ந்தேன். பேருந்தில் தூங்கவில்லை. எழுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் உடம்புக்கு ஆகாது என்று ராஸ்விதா சொல்கிறாள். பொறாமை.

நீங்கள் நன்றாகப் படித்தீர்கள். கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். முந்நூறு பேர், பாதிப் பேர் கைத்தடியோடு, நாற்காலி கிரீச்சிட எழுந்து நின்றார்களே, அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். லியாண்டர் மூன்றாம் வருடமும் போயிருக்கலாம் என்று முதல் முறையாக அவர்மேல் கோபம் வந்தது.

நீங்கள் கைகுலுக்கலில் மாட்டிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டொலீடோவிலிருந்து வந்திருந்த ஹோமர் ஸ்லாக் என்னிடம் வந்தார்.

"அம்மா, அந்தக் காய்ச்சல் கேலிய வாயால மொதல்ல ஆரம்பிச்சது நான்தான்."

"தெரியும். தொப்பியக் கழட்டிட்டு மறுபடி சொல்லுங்க."

கழற்றினார். சொன்னார். உள்ளே ஒரு முடி இல்லை. மன்னித்துவிட்டேன்.

இனி வியாபாரம். லியாண்டரின் இதழ்களை உங்களுக்கு விற்க மாட்டேன். யாருக்கும் விற்க மாட்டேன். சனிக்கிழமை காலை, கதவு திறந்த பத்தாவது நிமிடம், விற்பனைக் கூடத்தின் கோடி மேசைக்கு அடியில் ஒரு காகிதப் பெட்டியில் 1933 பிப்ரவரி இதழ் கிடந்தது. லியாண்டரிடம் இல்லாதது. உங்களிடமும் இல்லையாம். நீங்கள் அப்போது காப்பி வரிசையில் நின்றிருந்தீர்கள். விற்றவர், "அம்மா, உறை போட்டுத் தரவா?" என்றார். "வேண்டாம், வழியில படிக்கணும்" என்றேன். அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது கதை அபாரம். அடுத்த வருடம் சீக்கிரம் எழுந்திருங்கள்.

ஒரு கண்டனமும் இருக்கிறது. நீங்கள் கையில் கொடுத்த, புதுப் பட்டியலின் அச்சுப்படியைப் பேருந்தில்தான் நிதானமாகப் பார்த்தேன். "1934 டிசம்பர்: வெளிவந்தது, காலாண்டு மலரின் மூன்றாம் பகுதியாக. முதலில் சொன்னவர் லியாண்டர் ராடமாக்கர்" என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மேடையிலும் அதோடுதான் நிறுத்தினீர்கள். அச்சில் அதற்குக் கீழே, "படித்து நிறுவியவர் க்ளோடில்டா ராடமாக்கர்" என்று சேர்த்திருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அது அப்படியே இருக்கட்டும்.

ஓப்பலுக்கு என் அன்பு.

உங்கள்,
க்ளோடில்டா