சத்தமில்லாத புளோயர்

சிவகாசி,
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரோஷினிக்குச் சித்தி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனை என்னிடம் நீட்டியதும், "இங்கேயே இருந்துக்கிறேன்னு சொன்னேன் சித்தி, அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல" என்று அழுதுகொண்டே சிரித்தாய். நான் சந்தோஷம் என்றேன். நீ சொன்னது எதுவும் அப்பாவின் காதில் விழவில்லை என்பதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். போனில் சொன்னால் நீ பதறுவாய், நான் சமாதானம் சொல்ல ஆரம்பிப்பேன், விஷயம் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் இந்தக் கடிதத்தை ஊறுகாய் பார்சலோடு வைக்கிறேன்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், புளோயர் வாங்கப் போனதிலிருந்து சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து தை மாதம் வந்துவிடுவேன் என்று நீ முன்பு சொன்னதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வேலைக்கு வருகிற மாரித்தாய் தோட்டம் கூட்டினால் உனக்குத் தும்மல் வரும் என்பதால் விளக்குமாறே வேண்டாம், இலையை ஊதித் தள்ளுகிற மிஷின் வாங்கிவிடலாம் என்று விருதுநகருக்குக் கூட்டிப்போனார். புளோயர் விளக்குமாற்றைவிட அதிகமாகத் தூசி கிளப்பும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் உக்கிரபாண்டி முதலில் பெட்ரோலில் ஓடுவதைக் காட்டினார். நெருப்புக்குப் பயந்து பிழைக்கிறவன் வீட்டுக்குள்ள இன்ஜினையா கொண்டுபோவான் என்று அப்பா அதைத் தொடவில்லை. வயர் வைத்தது பாதாம் மரம் வரை எட்டாது. பேட்டரியில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று இருந்தன. நம் தோட்டத்துக்குச் சின்னதே போதும், சத்தமும் குறைவு என்றார் உக்கிரபாண்டி. அப்பா பெரியதைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டதும் எதிர்க்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும், "என்ன தம்பி, இன்னும் போடலையா?" என்றார். பிறகு உள்ளங்கையை முன்னால் நீட்டிப் பார்த்து, "அட, காத்து எம்புட்டு வருது! சத்தமே இல்லையே, இதையே கட்டுங்க" என்றார். உக்கிரபாண்டி என்னைப் பார்த்தார். நான் பில் கவுண்டரைப் பார்த்தேன்.

மிஷினோடு வந்த புத்தகத்தை நான்தான் படித்தேன். பனி காய்ந்த பிறகு ஊத வேண்டும், ஈர இலை நகராது, காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், குழாயைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாக நடக்க வேண்டும், காதுக்கும் மூக்கிற்கும் மூடி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பா விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார். முதல் நாள் இலை அப்படியே கிடந்தது, சரளைக்கல் பறந்து போய்க் காரில் அடித்தது. மறுநாள் இலை பறந்து பக்கத்து வீட்டு லட்சுமிகாந்தம் சாரின் வாசலில் விழுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, கம்பெனியில வெடிக்கிறது பத்தாதுன்னு வீட்டுலயுமா? மனுசன் தூங்க வேண்டாமா?" என்று கத்தினார். அப்பா சிரித்துக்கொண்டே, ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன் என்றார். உள்ளே வந்து, லட்சுமிகாந்தம் ரொம்ப ஆசைப்படுதாரு என்று என்னிடம் சொன்னார். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு மட்டும் அதைக் கொண்டுபோகவில்லை, மருந்துத் தூசி இருக்கிற இடத்தில் காற்றடிக்கக் கூடாது என்பதில் அவர் தெளிவு. ஆனால் அதே கம்பெனிக்குப் பின்னால் ஒவ்வொரு சரக்கையும் இத்தனை வருஷம் தானே வெடித்துப் பார்த்தார், காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. இப்போது கேட்டால், "ஊரே வாய்க்குள்ளயே பேசுது, நான் என்ன செய்ய?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையும் ஊதி முடித்துவிட்டுத்தான் உன்னோடு பேச உட்கார்ந்தார். என் மக பேசுறதை ஊரு கேக்கணுமா என்று ஸ்பீக்கரில் போட விடமாட்டார். வார்த்தை புரியாவிட்டாலும் உன் குரல் லேசாகக் கேட்டிருக்கும் போல, அது நிற்கிற இடமெல்லாம் பார்த்துச் சரிம்மா, அப்படியே செய்யி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்து வைத்ததும், தைக்கு டிக்கெட் போட்டுட்டாளா என்று கேட்டார். நான் அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது, எனக்கு இருபத்திரண்டு. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் பேசுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். இன்றைக்கு இதை நான் சொன்னால், நான்தான் உன்னைத் தூரத்தில் நிறுத்துகிறேன் என்று அவர் நினைக்கலாம். உன்னிடம் சொன்னால், உன் சந்தோஷத்தைக் கெடுக்கிறேன் என்று நீ நினைக்கலாம். நான்கு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை தோட்டத்துக்குப் போய்ப் புளோயரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ரோஷினி வரலையாம், அங்கனயே இருக்கப் போறாளாம் என்றேன். என்னது என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது லட்சுமிகாந்தம் சார் வீட்டு ஜன்னல் திறந்தது. நான் இந்தத் தெருவில் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை, அது வீட்டு விஷயமாகவே போயிற்று. யாரு சொன்னா என்று கேட்டார். அவளேதான், ஒங்ககிட்டதான் சொன்னா என்றேன். பாதாம் மரத்தடியில் கிடந்த இலையைக் காலால் ஒதுக்கினார். "அதுக்கு நான் என்ன சொன்னேன்?" என்றார். சரின்னு சொன்னீக என்றேன். "நல்லபடியாச் சொன்னேனா?" என்று கேட்டார். நல்லாத்தான் சொன்னீக என்றேன். பேட்டரியைக் குடு என்று வாங்கி மாட்டி, மீதி இலையையும் தள்ளி முடித்தார்.

நீ திரும்பி வர வேண்டும் என்று எழுதவில்லை. அங்கே இருப்பதுதான் உனக்குச் சரி என்றால் இரு. ஆனால் அவர் சொன்ன சரியை வாங்கிக்கொண்டு இருக்காதே. வீடியோவில் முகத்தைக் காட்டி, மெதுவாக, இன்னொரு முறை அவரிடம் கேள். மறுத்தால் மறுக்கட்டும், கோபப்பட்டால் படட்டும், காதில் விழுந்து சொல்வதாக இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நினைத்தபடி எல்லாம் நல்லபடியாக அமைய எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உண்டு. ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

இப்படிக்கு,
உன் சித்தி
சொர்ணலட்சுமி

பி.கு.: இன்று திங்கட்கிழமை, பார்சல் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை அப்பா தானாகவே மதுரைக்குப் போய்க் காது மிஷின் வைத்துக்கொண்டு வந்தார். நேற்றுக் காலையிலேயே அதை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். தோழிகளோடு வெளியூர் போகிறேன், அடுத்த வாரம் பேசுகிறேன் என்று உன் மெசேஜ் வந்தது. மத்தியானம் வரை அவர் மிஷினைக் கழற்றவில்லை.